கிரிகரி எரித்த வினைச்சொற்கள்

என் வீட்டுக்காரர் கிரிகரி ரயில்வேயில் கிராணி, கணக்கெழுதும் குமாஸ்தா. பிரிக்பீல்ட்ஸ் குவாட்டர்ஸில் குடியிருந்தோம். குருமடத்தில் இரண்டு வருஷம் படித்துவிட்டு, சாமியார் ஆகாமல் ஓடிவந்த மனிதர். அங்கே ஒட்டிக்கொண்ட லத்தீன் மட்டும் அவரை விடவில்லை. வேலை விட்டு வந்தால் பெண்டாட்டி முகத்தைப் பார்ப்பாரா? நோட்டுப் புத்தகம்தான்.

"அப்படி என்னதான் இருக்கு அதுல?" என்று ஒருநாள் சண்டை பிடித்தேன்.

"லத்தீன்ல 'ஃபெரோ'ன்னா சுமக்கிறேன். பக்கத்து வீட்டு ரெங்கசாமி அண்ணனுக்குத் தெரிஞ்ச சமஸ்கிருதத்துல 'பராமி'. ரெண்டுக்கும் ஒரு தாய் இருந்திருக்கணும், கெர்ட்ரூட். அவ ஒரு எழுத்துகூட விட்டுட்டுப் போகல. பிள்ளைங்க பேச்ச வச்சு அவ பேச்சக் கண்டுபிடிக்கிறேன்" என்றவர், மெதுவாக உச்சரித்தார்: "ப்ஹெரோ."

எனக்குப் புல்லரித்துவிட்டது. ஐயாயிரம் வருஷத்துக்கு முன்னால் எவளோ ஒருத்தி விறகு சுமந்துகொண்டு சொன்ன சொல், எங்கள் சமையலறையில் கேட்டது.

நாற்பத்து மூன்றில், நாட்டைப் பிடித்திருந்த ஜப்பான்காரன் வீடு வீடாகச் சோதனை போட்டான். இங்கிலீஷ் கடிதம் வைத்திருந்த ஒருவரை எங்கள் வீட்டு வரிசையிலிருந்தே இழுத்துப் போனார்கள், ஆள் திரும்பவில்லை. இவர் நோட்டிலோ எவனுக்கும் புரியாத சொற்கள். ரகசியச் செய்தி என்று சொல்லிவிட்டால் தலை போய்விடும்.

"உங்களுக்கு நாங்க வேணுமா, அது வேணுமா?" என்று கத்தினேன்.

ஏழு வருஷ உழைப்பைத் தாள் தாளாகக் கிழித்து அடுப்பில் போட்டார். பாவி மனுஷன் அழுதார். எனக்குத் தாங்கவில்லை. அவர் கண்ணைத் துடைத்த நேரம் பார்த்து ஒரு தாளை உருவி, சுவரில் இருந்த திருஇருதய ஆண்டவர் படத்துக்குப் பின்னால் சொருகினேன். மறுநாள் வந்த சிப்பாய்கள் அந்தப் படத்துக்கு முன்னால்தான் நின்றார்கள். நல்லவேளை, தொடவில்லை.

"தாய் பேச்சே கிடைச்சுச்சு, ஒரு நோட்டு கிடைக்காதா லா?" என்றவர், அந்தச் சொற்களை மனதுக்குள்ளேயே முதலிலிருந்து கண்டுபிடிக்க ஆரம்பித்தார். இரண்டு வருஷம் ஒரு வரிகூட எழுதவில்லை.

நாற்பத்தைந்தில் ஜப்பான்காரன் சண்டை முடிந்ததும் உட்கார்ந்து மொத்தத்தையும் எழுதினார். நான் ஒளித்த தாளைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தேன். விரல் வைத்துப் பார்த்தோம். கடைசி வரிக்கு வரும்வரை ஒவ்வொன்றும் அதே சொல்.

"மனப்பாடம்தானே?" என்றேன்.

கடைசிச் சொல் மட்டும் வேறாக இருந்தது. அதையே உற்றுப் பார்த்தார்.

"பழசுலதான் தப்பு. மனப்பாடமா இருந்தா அந்தத் தப்பும் வந்திருக்குமே, கெர்ட்ரூட்!"

பதினொரு வருஷம் குடும்பம் நடத்திய மனிதரைக் கண்டு அன்றைக்குத்தான் எனக்குக் கும்பிடத் தோன்றியது.