தகரக் கதவைத் தட்டியவள்

சேக்காட்டில் நாங்கள் குடியிருந்த வீட்டில் எடுப்புக் கக்கூஸ்தான். அதைச் சுத்தம் செய்யும் பெண் காலையில் பின்சந்து வழியாக வருவாள். நெற்றியில் பெரிய குங்குமம், முழங்கை வரை பச்சை குத்தியிருப்பாள். உள்ளே ஆள் இருந்தால் தெரியட்டும் என்று கக்கூஸின் பின்பக்கத் தகரக் கதவை இரண்டு முறை தட்டிவிட்டுத்தான் வாளியை இழுப்பாள். அந்தச் சத்தம் கேட்டதும் நான் சமையலறை ஜன்னலைச் சாத்திவிடுவேன்.

ஒருநாள் தட்டல் நிற்கவே இல்லை. ஜன்னலைத் திறந்தேன்.

"யம்மா, சின்னதுக்கு ரெண்டு நாளா சீதமும் ரத்தமுமா போவுது. நீ பாக்கலியா? டாக்டராண்ட இட்டுகினு போ."

என் மகனுக்கு நான்கு வயது. தனியாகப் போய்வரப் பழக்கிவிட்டேன் என்று எனக்குப் பெருமை. அவன் சாப்பிடும் ஒவ்வொரு கவளத்தையும் எண்ணுகிற நான் இதைப் பார்க்கவில்லை.

"நல்ல நேரத்துல கவனிச்சீங்கம்மா" என்றார் டாக்டர். நான் மறுக்கவில்லை.

பிள்ளை தேறிய பிறகு அவள் ஜன்னலருகே வந்தாள். "இப்ப சரியா கீது. பையன் மூஞ்ச நான் பாத்ததே இல்லம்மா. தூரமா நின்னுக்கிறேன், ஒரு தபா காட்டேன்."

"தூங்கறான்" என்றேன். அவன் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான்.

"தூங்கட்டும் தாயி" என்று குரலைத் தாழ்த்தினாள்.

அவனை அவள் பார்த்துவிட்டாளோ என்று இன்றும் யோசிக்கிறேன். அன்று அவள் கதவைத் தட்டவில்லை. வாளியைச் சத்தமில்லாமல் இழுத்துக்கொண்டு போனாள்.