ஜன்னல் பக்கம், கதவுப் பக்கம்

கொழும்பில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவில் பதின்மூன்று வருடமாக உதவியாளராக இருக்கிறார் இராமலெட்சுமி. நோயாளியைத் துடைப்பது, துணி மாற்றுவது, புரட்டிப் படுக்க வைப்பது, தரையில் சிந்தியதை அள்ளுவது எல்லாம் அவர் வேலை. பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்தவர். கல்யாணமாகி வந்ததிலிருந்து கொட்டாஞ்சேனைதான். கணவர் இருளப்பன் புறக்கோட்டைக் கடைகளில் நாட்டாமை, அதாவது மூட்டை தூக்குபவர்.

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் கண்ட ஒன்றை அவர் இன்றும் சொல்லுவார். நெஞ்சு நோய்க்காரர் ஒருவர் நினைவில்லாமல், மெஷினில் மூச்சு ஓடக் கிடந்தார். நாலாம் நாள் அவர் காலைத் தூக்கித் துடைத்தபோது குதிகாலில் ஐந்து ரூபாய் நாணயக் குற்றியளவு கறுத்திருந்தது. நெஞ்சு தேறியது, மனிதர் கண் திறந்தார். ஆனால் அந்தக் குதிகால் ஆற மூன்று மாதம் சென்றது.

வீட்டில் வந்து இதைச் சொன்னபோது இருளப்பன் தன் தோளைத் தொட்டுக் காட்டினார்.

"ஒரே எடத்துல பாரம் நின்னா தோலு தாங்காது. நாங்க தோள் மாத்திக்கிட்டே இருப்போம். நெனவில்லாமக் கெடக்கிற மனுசனுக்கு யாரு மாத்துறது?"

இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை நோயாளியைப் புரட்ட வேண்டும் என்று விதி முன்பே இருந்தது. சுவரில் தாளும் ஒட்டியிருந்தது. ஆனால் ஒரு கட்டிலில் மூச்சு இறங்கினால் எல்லாரும் அங்கே ஓடுவார்கள், மற்றக் கட்டில்களின் நேரம் தவறிப்போகும். அதைத் தவறவிடாமல் பார்ப்பதை யாரும் சொல்லாமலே இராமலெட்சுமி தன் பொறுப்பாக எடுத்துக்கொண்டார்.

கூட நின்றவர் தெமட்டகொடையிலிருந்து வரும் சோமாவதி என்ற சிங்களப் பெண். தாதி தலைமாட்டில் நின்று மூச்சுக் குழாயைப் பிடித்துக்கொள்வார். இவர்கள் இரண்டு பக்கமும் நின்று, விரிப்பைச் சுருட்டிப் பிடித்து, "எகாய், தெகாய், துனாய்" என்று சிங்களத்தில் சேர்ந்து எண்ணி, ஒரே அசைவில் திருப்புவார்கள். எட்டு மணிக்கு ஜன்னல் பக்கம், பத்துக்கு நேராக, பன்னிரண்டுக்குக் கதவுப் பக்கம். பிறகு விரிப்பின் சுருக்கங்களைக் கையால் நீவிவிட்டு, குதிகால் மெத்தையில் படாதபடி சுருட்டிய துவாயொன்றைக் காலுக்கடியில் வைப்பார் இராமலெட்சுமி. ஒட்சிசன் குழாய் காதை அழுத்துகிறதா என்று சோமா பார்ப்பார். அந்தக் கண் தனக்கு இல்லையென்று இராமலெட்சுமியே ஒப்புக்கொள்வார். நாளடைவில் மற்ற முறை வேலைக்கு வருகிறவர்களும் ஜன்னல், கதவு என்றே பேசப் பழகிவிட்டார்கள்.

போன வருடம் ஆஸ்பத்திரியின் தரம் பார்க்கும் பிரிவு பழைய அறிக்கைகளை ஆராய்ந்தது. பதினாலு மாதத்தில் அந்த எட்டுக் கட்டில்களிலும் வந்த படுக்கைப்புண் இரண்டே இரண்டு. எப்படி என்று பொறுப்புத் தாதி மயூரியைக் கேட்டார்கள். மயூரி வெள்ளவத்தைக்காரர், எதையும் தாளில் பார்த்தால்தான் நம்புவார். வேலைப் பட்டியலை எடுத்துப் பார்த்தார். முதற்புண் வந்தது, மகள் நிரோஷாவின் கல்யாணத்துக்காக இராமலெட்சுமி பத்து நாள் லீவில் நின்றபோது. மயூரிக்கு அது போதுமாக இருந்தது. அதுவரை டொக்டர்களும் தாதிகளும் மட்டுமே வாங்கிவந்த வருட விருதுக்கு இராமலெட்சுமியின் பெயரை எழுதிக் கொடுத்தார்.

கூப்பிட்டுச் செய்தியைச் சொன்னபோது இராமலெட்சுமிக்குச் சந்தோசம்தான். ஆனாலும் ஒன்று கேட்டார்.

"மிஸ், ரெண்டாவது புண்ணு எப்ப வந்துச்சு?"

"ஓகஸ்ட்டில. அஞ்சாம் கட்டில்."

"ஓகஸ்ட்ல நான் லீவே எடுக்கல. செத்த அம்மா பேருல தானம் குடுக்க ஊருக்குப் போனது சோமா. அந்த ஆளுக்குக் காதுலதானே புண்ணு?"

மயூரி அறிக்கையைப் புரட்டினார். காதில்தான்.

"தனியா நின்னு ஒருத்தரையும் திருப்ப ஏலாது மிஸ். ஏம் பேரு மட்டும் போட்டா அது பொய்யாப் போயிரும்."

"ஓம் அக்கா," என்றார் மயூரி. "நான்தான் முழுசாப் பாக்கேல்லை."

ஒரு விருது ஒருவருக்குத்தான் என்பது ஆஸ்பத்திரியின் வழக்கம். மயூரி இரண்டு லீவுத் தேதிகளையும் இரண்டு அறிக்கைகளையும் பக்கம் பக்கமாக வைத்து மேலே அனுப்பினார். இரண்டு கிழமை பதில் இல்லை. பிறகு இரண்டு பெயர் போட்ட அழைப்பிதழ் வந்தது.

விழா ஒரு சனிக்கிழமை காலை. இருளப்பன் வேலைக்குப் போகாமல், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். இரண்டு பெயரையும் சேர்த்தே கூப்பிட்டார்கள். மேடைப் படியில் சோமா இராமலெட்சுமியின் கையைப் பிடித்துக்கொண்டார். பிரிவின் பெரிய டொக்டர் அலவி சிங்களத்திலும் தமிழிலும் சுருக்கமாகப் பேசினார்.

"நோயாளியை உயிரோட வீட்டுக்கு அனுப்புறது எங்கட வேலை. முழுசா அனுப்புறது இவங்க ரெண்டு பேரும்."

மற்றவர்கள் நிறுத்திய பிறகும் இருளப்பன் கைதட்டிக்கொண்டிருந்தார். அந்த நேரம் எப்படி இருந்தது என்று பிறகு கேட்டவர்களிடம், வயிறு நிறையச் சாப்பிட்ட மாதிரி இருந்தது என்றார் இராமலெட்சுமி.

விருது ஒரு சங்கடத்தையும் கொண்டுவந்தது. இருவரும் சேர்ந்து மலைநாட்டுக்குப் போய்வர லீவு கேட்டார்கள். மயூரி சிரித்துவிட்டார். ஒருவர் போனாலே புண் வருகிறது என்று எடுத்துக் காட்டியவரே இராமலெட்சுமிதான், இப்போது இரண்டு பேரையும் எப்படி விடுவது என்று கேட்டார். கடைசியில் வேறு வார்டுகளிலிருந்து றலியா, புஷ்பராஜ் என்ற இரண்டு உதவியாளர்களை எடுத்து, ஒன்றரை மாதம் இவர்களோடு நிறுத்தினார். அவர்களுக்குக் கை படிந்த பிறகே லீவுக்குக் கையெழுத்து விழுந்தது.

கோட்டையில் ரயிலேறி, ஹட்டனில் இறங்கி, இராமலெட்சுமியின் தம்பி வீட்டில் மூன்று நாள் நின்றார்கள். தேயிலை மலையை சோமா நேரில் பார்ப்பது அதுதான் முதல்தடவை. இரண்டாம் நாள் காலை, அடுப்படியில் சுடச்சுட ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருக்கையில் மயூரி போனில் வந்தார்.

"எட்டுக் கட்டிலும் பாத்திட்டன் அக்கா. ஒருத்தருக்கும் ஒண்டும் இல்லை. நீங்கள் ஆறுதலா வாங்கோ."

இராமலெட்சுமி அதைச் சிங்களத்தில் சொன்னார். சோமா தலையாட்டிவிட்டு இன்னொரு ரொட்டிக்குக் கை நீட்டினார்.