வாழவந்தி அக்காவின் கால்கள்

நான் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு சாலையோரக் கல்லில் உட்கார்ந்திருந்த ஒரு காலையில்தான் அந்த அக்காவைச் சரியாகப் பார்த்தேன். அதற்கு முன் மூன்று வருடங்களாக ஏற்காட்டில் ஒரே லாட்ஜில்தான் வேலை பார்த்தோம். நான் ரிசப்ஷனில், அவர் அறைகளைச் சுத்தம் செய்யும் வேலையில். எதிர்ப்பட்டால் ஒரு புன்னகை, அவ்வளவுதான். என் கணவருக்குச் சிறுநீரகம் பழுதாகி, வாரம் இரண்டு நாள் சேலத்துக்கு டயாலிசிஸுக்கு அழைத்துப்போன நாட்கள் அவை. வீட்டில் அழ முடியாததால் ஓடப் பழகினேன். சேர்வராயன் மலையில் நடக்கவிருந்த முப்பது கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பெயரும் கொடுத்திருந்தேன். அன்று காலைப் பயிற்சியில் பாதி வழியில் கால் இழுத்துக்கொண்டது.

பஸ் வராததால் தன் ஊரான வாழவந்தியிலிருந்து நடந்தே வேலைக்கு வந்துகொண்டிருந்த அக்கா என்னைப் பார்த்ததும் நின்றார்.

"ஏனுங்க மேடம், உக்காந்துட்டா காலு இறுகிப்போயிருமுங்க. எந்திரிங்க. மெதுவாப் போலாம், ஆனா நிக்கக் கூடாதுங்க."

ஏற்றம் முழுக்கப் பேசிக்கொண்டே வந்தார். எனக்குத்தான் மூச்சு வாங்கியது. லாட்ஜ் வாசலை அடைந்தபோது, அவரும் அந்த ஓட்டத்துக்கு வர வேண்டும் என்றேன். "நொம்பச் சிரிப்பாங்க எங்க ஊட்டுல," என்றார். ஆனால் வந்தார். என் பழைய ஷூ அவருக்குப் பெரிது. முனையில் பஞ்சை அடைத்துக்கொண்டார். கடைசி ஏற்றத்தில் நான் பின்தங்கினேன். ஒருமுறை திரும்பிப் பார்த்தார், பிறகு போய்க்கொண்டே இருந்தார். எனக்காகக் காத்திருக்காமல் தன் ஓட்டத்தை ஓடினாரே என்று அன்று எனக்கு எவ்வளவு மகிழ்ச்சி! எனக்கு அரை மணி நேரம் முன்னதாகவே முடித்துவிட்டு, முகத்தைத் துப்பட்டாவால் மூடி அழுதுகொண்டிருந்தார்.

"நடக்கறது என் தலையெழுத்துன்னு இருந்தனுங்க. அதுக்குப் போயிக் கை தட்டறாங்க."

அடுத்த வாரம் பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகம் கிடைக்குமா என்று கேட்டார். சிறுவயதில் அந்த வகுப்புக் கணக்குத் தேர்வில் அரை மணி நேரத்திலேயே எழுந்து வந்தவராம். படிப்பு அதோடு நின்றுபோனது. இப்போது அந்தத் தேர்வை மறுபடி எழுதப் போகிறாராம். அவர் கணக்குப் போட்டுத் தரும் நோட்டை நான் மருத்துவமனைக்கு எடுத்துப்போவேன். என் கணவர் கணக்கில் கெட்டிக்காரர். ஒரு கையில் ஊசி இருக்க, மறுகையால் அவர் திருத்துவார். அதுவரை கடிகாரத்தையே வெறித்துக்கொண்டு கழித்த டயாலிசிஸின் நான்கு மணி நேரம் அவருக்கு ஒரு வேலையானது. எனக்கும்தான். எத்தனை வருடம் இப்படி என்று எண்ணுவதை விட்டேன். அன்றைய நாளை முடித்தால் போதும் என்றிருந்தது. ஓட்டம் கற்றுக்கொடுத்தது என்று சொல்லலாம். ஆனால் உட்கார்ந்துவிட்ட என்னை எழுப்பி ஓட வைத்தவர் அக்கா.

தேர்வில் முதல் முறை தோற்றார். இரண்டாம் முறை தேர்வு மையத்தின் வாசலில் நான் காத்திருந்தேன். எல்லோரும் போன பிறகு கடைசியாக வெளியே வந்தார்.

"கடைசிக் கணக்கு வரலீங்க மேடம்," என்றார். முகம் மட்டும் மலர்ந்திருந்தது. "ஆனா மணி அடிக்கற மட்டும் எந்திரிக்கவே இல்லீங்க."