பூனைக்குன்றின் தொண்ணூற்றைந்து டிகிரி

பிரமிளா என்னோடு எம்.எஸ்சி. ஜியாலஜி படித்தவள். திருப்பதியில் எந்தப் பல்கலைக்கழகம் என்று சொல்லமாட்டேன், சொல்லவே கூசுகிறது. அங்கே நாங்கள் கற்ற பெரிய வித்தை பார்த்தெழுதுவது. பலமனேர் பக்கம் பூனைக்குன்று என்று ஒன்று. நேரில் போய், பத்து இடங்களில் பாறை எத்தனை டிகிரி சாய்ந்திருக்கிறது என்று அளந்து ரெக்கார்டு எழுத வேண்டும். ஒருவரும் போகமாட்டோம். துறை பீரோவில் சீனியர்களின் ரெக்கார்டு இருக்கும். அதைப் பார்த்தெழுதி நம் பெயரைப் போட்டால் வேலை முடிந்தது. நானும் அப்படித் தேறியவன்தான்.

பிரமிளா மட்டும் அளக்கக் கிளம்பினாள். அவளுக்குச் சொந்த ஊர் பாலசமுத்திரம். அவள் நைனா, அதாவது அப்பா, பாலையா ஊர் ஊராகக் கல் குவாரிகளில் டிரில் பிடிக்கிறவர். குன்றின் பெயரைக் கேட்டதும் அவர் சிரித்துவிட்டார்.

"அத நாங்கதான ஒடச்சி லாரில ஏத்தினோம். ஆறு வருசமாச்சி. அங்க போயி இன்னாத்த அளக்கப்போற?"

அவள் நம்பாமல் போனாள். பெரிய பள்ளம், அடியில் பாசி பிடித்த தண்ணீர், அதில் மிதக்கும் பிளாஸ்டிக். நாற்றம் தாங்காமல் மூக்கைப் பொத்திக்கொண்டு போட்டோ எடுத்துவந்து, எங்கள் கைடு ஜெயபிரகாஷ் சாரிடம் காட்டினாள். அவர் போட்டோவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"குன்னு இல்லன்னு எழுதினா எக்ஸ்டர்னல் நூறு கேள்வி கேப்பாரும்மா. சீனியர் ரெக்கார்ட பாத்து எழுதிக்கினு வா, சைன் போட்றேன்."

கையெழுத்து இல்லையென்றால் டிகிரி இல்லை. அவள் வீட்டில் பத்தாவதைத் தாண்டியவளே அவள்தான். அழுதுகொண்டே பார்த்தெழுதினாள். ஆனால் ஆத்திரத்தில் ஏழாவது இடத்தில் சாய்வு தொண்ணூற்றைந்து டிகிரி என்று போட்டாள். பாறை படுத்திருந்தால் பூஜ்யம், நட்டுக்குத்தாக நின்றால் தொண்ணூறு. அதற்கு மேல் சாய்வே கிடையாது. முதல் வருஷப் பையன்கூடக் கண்டுபிடிப்பான். யாராவது பிடிக்கட்டும், அப்போது பள்ளத்தைப் பற்றிச் சொல்லலாம் என்று காத்திருந்தாள். சார் கையெழுத்துப் போட்டார். வெளியூரிலிருந்து பரீட்சை நடத்த வந்த எக்ஸ்டர்னல் பக்கத்தைப் புரட்டாமலே டிபனுக்குப் போனார். வகுப்பிலேயே அவளுக்குத்தான் முதல் மார்க். தூ!

மூன்று வருஷம் கழித்து அதே துறையில் காண்ட்ராக்ட் லெக்சரராகச் சேர்ந்தாள். முதல் வாரமே பன்னிரண்டு ரெக்கார்டுகள் மேஜைக்கு வந்தன. பன்னிரண்டிலும் ஏழாவது இடம், தொண்ணூற்றைந்து டிகிரி. மஞ்சு என்ற மாணவியைக் கூப்பிட்டுக் கேட்டாள். அந்தப் பெண் கொஞ்சமும் தயங்கவில்லை.

"உங்க ரெக்கார்டுதான் மேடம். அதுக்குத்தான் ஃபர்ஸ்ட் மார்க்குன்னு எல்லாரும் அதையே பாத்து எழுதறோம்."

அடுத்தவரை அல்ல, தன்னைத்தான் காறித் துப்பத் தோன்றியது என்று போனில் என்னிடம் சொன்னாள் பிரமிளா. பன்னிரண்டையும் கையெழுத்துப் போடாமல் திருப்பினாள். சாயங்காலத்துக்குள் ஜெயபிரகாஷ் சார் எல்லாவற்றிலும் போட்டுவிட்டார். அவள் பீரோவைத் திறந்து தன் பழைய ரெக்கார்டை எடுத்து, முதல் பக்கத்தில் சிவப்பு மையால் எழுதினாள்: 'இந்தக் குன்று இப்போது இல்லை. உள்ளே இருப்பதெல்லாம் பொய்.' அந்த ரெக்கார்டைத் திரும்ப பீரோவிலேயே வைத்தாள்.

அடுத்த வருஷமும் பன்னிரண்டு ரெக்கார்டுகள் வந்தன. எல்லாவற்றிலும் முதல் பக்கத்தில் அந்த இரண்டு வரியும் இருந்தன, சிவப்பு மையில், ஸ்கேல் வைத்துக் கட்டம் கட்டி. உள்ளே ஏழாவது இடத்தில் தொண்ணூற்றைந்து டிகிரி.