வழி சொன்னவர்களும் மேட்டூர் வண்டியும்

டிக்கெட் ஜன்னலுக்கு ஜனங்கள் டிக்கெட் வாங்கவே வருகிறார்கள் என்பது படித்தவர்களிடையேகூடப் பரவியிருக்கும் ஒரு மூடநம்பிக்கை. அதை இங்கே திருத்திவைப்பது என் கடமையாகிறது. நாலு பேர் நாலு விதமாகச் சொன்னதில் எது மெய் என்று இன்னொருவரைக் கேட்கவே அவர்கள் வருகிறார்கள். மேட்டூரில் அணை கட்டிக்கொண்டிருந்த காலத்தில், சேலம் ஜங்ஷனில் மூன்றாம் வகுப்பு டிக்கெட் கொடுத்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். கூட்டத்தின் நடுவே எந்தப் பக்கம் திரும்புவதென்று தெரியாமல் நீங்களும் என்றாவது நின்றிருப்பீர்கள். ஆகையால் நல்லாயியின் கஷ்டம் உங்களுக்குப் புரியும்.

ஜன்னலுக்கு வெளியே ஒரு சபை

நல்லாயி நாமக்கல்லுக்குத் தெற்கே ஒரு கிராமத்துக்காரி. அதுவரை ரயில் ஏறியதில்லை. மருமகன் அணையில் கல்வேலை செய்தான். மகளும் அங்கேயே கூலிக்காரர் குடிசையில் இருந்தாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் நடக்கவேண்டும். ஆனால் வண்டியிலும் பஸ்ஸிலும் அவளைக் குலுக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நாள் நெருங்கிவிட்டது, கூட இருக்க ஒரு பெண்பிள்ளையும் இல்லை என்று ஆள் வந்து சொன்னதும், நல்லாயி துணிமூட்டையோடு கிளம்பிவிட்டாள்.

"மேட்டூர் வண்டி எதுங்க சாமி?" என்று என்னைத்தான் கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் வரிசையில் நின்றவர்கள் பதில் சொல்ல ஆரம்பித்தார்கள். சங்ககிரியில் இறங்கி எடப்பாடி வழியாகப் போவதே உத்தமம் என்றார் ஒருவர். ரயிலை நம்பாதே, டவுனுக்குப் போய் பஸ் பிடி என்றார் மற்றொருவர். எதிர்த்திசையில் ஆத்தூருக்குப் போகவேண்டிய ஒருவர்தான் எல்லோரையும்விட விரிவாகப் பேசினார். மெய்யை நிறுவத் தர்க்க சாஸ்திரத்தில் பிரமாணங்கள் நான்கு. ரயில் நிலையத்தில் மட்டும் ஐந்தாவதாக, 'நேத்துக்கூட நான் போனேன்' என்று ஒன்று உண்டு. அதற்கு மேல் முறையீடு கிடையாது.

ஒவ்வொருவருக்கும் "சரிங்க" சொல்லி முடித்துவிட்டு அவள் என்னிடம் சொன்னாள்: "எல்லாருஞ் சொல்றது நல்லாத்தானுங்க இருக்குது. நான் ஒருத்திதானுங்களே, எத்தன பக்கம் போறது?"

பாதிப் பேச்சு

டிக்கெட்டைக் கொடுத்து, வண்டி நிற்கும் இடத்தையும் காட்டினேன். ஆனால் என் ஜன்னலுக்கும் அந்த வண்டிக்கும் நடுவே பெரியவர்கள் பலர் இருந்தார்கள். ஒருவர் பாலம் ஏறச் சொன்னார், ஏறினாள். பாலத்தின்மேல் வந்த இன்னொருவர் விசாரித்துவிட்டுத் திருப்பி அனுப்பினார், இறங்கினாள். தலைப்பாகைக்காரர் ஒருவர் தம் மகளின் பிரசவத்திலிருந்து தொடங்கி வழி சொன்னார். அந்த நேரம் பார்த்து மெயில் வண்டி வந்து கூட்டத்தைக் கொட்டியது. மூட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு அவள் அந்தக் கூட்டத்துக்குள் அகப்பட்டு நிற்க, மேட்டூர் வண்டி அவள் கண்ணெதிரே ஊதிக்கொண்டு போயிற்று. இனி சாயங்காலந்தான்.

போர்ட்டர் அவளை என்னிடம் அழைத்துவந்தான். தான் கத்திக் கூப்பிட்டும் ஏன் ஓடிவரவில்லை என்று அவளைக் கடிந்துகொண்டான். மகளை நினைத்து அவள் வண்டி போன திக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனாலும் பதில் தெளிவாக வந்தது: "பெரியவிங்க பேசிக்கிட்டிருக்கறப்பப் பாதியில உட்டுப்போட்டு வாரது மரியாதைங்களா?"

பலகை

எங்கள் ஸ்டேஷன் மாஸ்டர் நல்ல மனுஷர். காலையில் நடந்ததைக் கேட்டு மனம் வருந்தி, மேட்டூர் வண்டி நிற்கும் இடத்தையும் புறப்படும் நேரத்தையும் ஒரு பலகையில் எழுதி மாட்டச் செய்தார். சற்று நேரத்தில் பலகையைச் சுற்றி, பலகை இல்லாதபோது இருந்ததைவிடப் பெரிய கூட்டம் சேர்ந்துவிட்டது. படிக்கத் தெரியாதவர்கள் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார்கள். தெரிந்தவர்கள் உரக்கப் படித்து, எழுதாமல் விட்டவற்றையும் சேர்த்துச் சொன்னார்கள். மூலத்தைவிட உரை நீண்டுகொண்டே போயிற்று. நல்லாயி எல்லோருக்கும் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். சாயங்கால வண்டியும் போய்விட்டால் மறுநாள் காலைதான் என்பது மட்டும் அவளுக்கு ஐயமறத் தெரிந்தது.

பலகை எப்படி உதவுகிறது என்று பார்க்க மாஸ்டர் கோட்டைக் கழற்றிவைத்துவிட்டு வந்து முன்னால் நின்றார். உரைகாரர் ஒருவர் அவரை மெதுவாக விலக்கினார்: "ஏனுங்க, தெரியாதவிங்கல்லாம் முன்னால நின்னுக்கிட்டா, தெரிஞ்சவிங்க எப்பிடிங்க சொல்றது?"

காலிப் பெட்டி

பிற்பகலில் நல்லாயியைக் காணவில்லை. யாரோ பஸ்ஸுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று பயந்துபோய், ஜன்னலை அடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போர்ட்டரோடு தேடினேன். மேட்டூருக்குப் போகவேண்டிய பெட்டிகள், காலையில் நான் காட்டிய அதே இடத்தில், எஞ்சின்கூட மாட்டாமல் வெயிலில் நின்றன. அதில் ஒன்றில், கதவுகளையெல்லாம் அடைத்துக்கொண்டு தன்னந்தனியாக உட்கார்ந்திருந்தாள். உள்ளே சுண்ணாம்புக் காளவாய்போல் கொதித்தது.

தண்ணீர் கொண்டுவரச் செய்தேன். புறப்பட இன்னும் நேரம் கிடக்கிறது, வேப்பமரத்தடியில் வந்து உட்கார், வண்டி கிளம்புமுன் நானே ஏற்றிவிடுகிறேன் என்று எவ்வளவோ சொன்னேன். தண்ணீரைக் குடித்துவிட்டு, சொம்பை ஜன்னல் வழியாகவே நீட்டினாள். "இங்கயே இருக்கறனுங்க சாமி. கீழ எறங்குனா யாராச்சும் வழி சொல்லிப்போடுவாங்க."

திரும்பி வந்தபோது

விளக்கு வைத்த பிறகு குடிசைக்குப் போய்ச் சேர்ந்தாளாம். விடிவதற்குள் பேத்தி பிறந்துவிட்டது. மகள் வலியில் பிடித்துக்கொண்ட கை தன்னுடையதுதான் என்று, சில வாரம் கழித்து மகளையும் குழந்தையையும் ஊருக்குக் கூட்டிப்போகிற வழியில், அவளே என் ஜன்னலண்டை வந்து சொன்னாள்.

பேசிக்கொண்டிருக்கும்போதே கையில் பையோடு ஒரு பெரியவர் வந்து, மேட்டூர் வண்டி எங்கே நிற்கும் என்று அவளைக் கேட்டார். அந்த இடத்தில் ஒரு பிற்பகல் முழுக்க வெந்தவள் அவள். வரிசையில் நின்றவர்கள் ஆவலோடு திரும்பினார்கள். நல்லாயி குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டாள்.

"எனக்குத் தெரியாதுங்க," என்றாள். "சன்னல்ல கேளுங்க."

பெரியவர் என்னிடம் வந்து, டிக்கெட் வாங்கிக்கொண்டு, மேட்டூர் போய்ச் சேர்ந்தார்.