மருதமுனையாரின் குனியிற கெமரா

மருதமுனையாரின் கெமரா விலைக்கு வந்திருக்கிறது என்று கேள்விப்பட்ட அன்று எனக்குப் பகல் சோறு இறங்கவில்லை. வேறு யாராவது முந்திக்கொண்டு போய்விடுவார்களோ என்ற பயம்.

மருதமுனையார் என்று நான் சொல்வது மருதமுனை ஊரைச் சேர்ந்த என் வயதுக்காரர் ஒருவரை. கைத்தறி நெய்கிற குடும்பத்துப் பிள்ளை, படம் பிடிக்கிறவர். நானும் படம் பிடிக்கிறவன்தான். எழுபதுகளின் கடைசியில் கல்முனைக் கடைத்தெருவில், ஒரு பிடவைக் கடைக்குப் பின்னால் வெள்ளைத் துணி ஒன்றைத் தொங்கவிட்டு, அடையாள அட்டைக்குப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். யாரிடமும் படித்ததில்லை. கெடுத்துக் கெடுத்துக் கற்றுக்கொண்டது. என் படத்தில் விழுகிறவர்களெல்லாம் களவெடுத்துப் பிடிபட்டவர்கள் மாதிரி இருப்பார்கள் என்று ஊரில் ஒரு கதை இருந்தது. ஒரு மீன் வியாபாரி தன் படத்தை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இவன எங்கயோ கண்டிரிக்கன், நல்ல ஆளில்ல" என்று சொல்லிக் காசை வைத்துவிட்டுப் போனார்.

கலியாண வீடுகள் எல்லாம் மருதமுனையாருக்கே போயின. அதற்கு ஊர்ப் பெண்கள் சொன்ன காரணம் ஒன்று உண்டு. என்னுடைய கெமரா கண்ணில் வைத்துப் பார்க்கிற சின்னக் கெமரா. மணப்பெண் இருக்கிற அறைக்குள் நான் கால் வைத்து அதைத் தூக்கினால் போதும், அத்தனை முக்காடும் முகத்துக்கு இறங்கிவிடும். ஒரு வீட்டில் வயதான ஒருவர் என்னை வாசலிலேயே மறித்து, "தம்பி, கல்லடி பட்டாலும் கண்ணடி படக் கூடாது. நீங்க ஒத்தக் கண்ணப் பொத்திக்கிட்டு மத்தக் கண்ணால குறி பார்க்கிறீங்க. புள்ளைக்குக் கண்ணூறு பட்டிரும்" என்றார். நான் சுடுவதற்குத் துவக்கோடு வந்தவன் மாதிரி வெளியே நின்றேன்.

மருதமுனையாருடையது ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு கண்ணாடி வைத்த பெட்டிக் கெமரா. கழுத்தில் தொங்கும், வயிற்றோடு கிடக்கும். மேல்மூடியைத் திறந்து, தலையைக் குனிந்து, உள்ளே தெரிகிற கண்ணாடியைப் பார்த்துத்தான் படம் எடுக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் அதற்குக் குனியிற கெமரா என்று பெயர். தொழுகையில் நிற்கிறவர் போல அவர் குனிந்து நிற்பார். பெண்கள், "அவர் நிலத்தத்தானே பார்க்கிறார்" என்று நிம்மதியாக இருப்பார்கள். நிலத்தைப் பார்க்கிறாராம்! அந்தச் சதுரக் கண்ணாடிக்குள் பெண்ணின் காதுத் தோட்டில் எத்தனை கல் என்பதுகூடத் தெரியும். இந்த உண்மையை ஒருநாள் தேத்தண்ணிக் கடையில் வைத்து உடைத்தேன். கேட்டிருந்தவர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். ஒருவர், "வயித்தெரிச்சலுக்கு இளநீர் நல்லம்" என்றார்.

இப்படியிருக்கையில் என் தங்கச்சிக்குக் கலியாணம் நிச்சயமானது. எங்கள் வழக்கப்படி மாப்பிள்ளை பெண் வீட்டுக்குத்தான் வருவார். அவளுக்கென்று கட்டிய வீட்டின் முன் விறாந்தையில் கலியாணப் படம் தொங்கும். வருகிறவர்கள் எல்லாரும் பார்ப்பார்கள், யார் எடுத்தது என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு என் பெயர் பதிலாக வர வேண்டும். எனக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை.

தங்கச்சி என் அறைக்கு வந்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"காக்கா, கோவிக்காதீங்க. மருதமுனையாரே எடுக்கட்டும். நீங்க எடுத்தா நான் ஐடென்டிக் காட்ல இரிக்கிற மாதிரி இரிப்பன்."

நான் கோபிக்கவில்லை என்றேன். இரண்டு நாள் அவளோடு கதைக்கவில்லை.

அந்தக் கிழமைதான் செய்தி வந்தது. சவூதியிலிருந்து திரும்பிய ஒருவரிடம் மருதமுனையார் புதுச் சின்னக் கெமரா வாங்கிவிட்டாராம். பழைய பெட்டியை அக்கரைப்பற்றுச் சந்தியில் ஒரு மணிக்கூடு திருத்துகிறவரிடம் விற்கக் கொடுத்திருக்கிறாராம். எனக்கு இரண்டு சந்தோசம். ஒன்று, பெட்டி எனக்கு வரும். மற்றது, இனி அவரும் கெமராவைக் கண்ணுக்குத் தூக்குவார், அவருக்கும் முக்காடு இறங்கும்.

மணிக்கூட்டுக்காரர் ஆலையடிவேம்புத் தமிழர். என்னை விட மூத்தவர், நிதானமானவர். துணியை விரித்து அதன் மேல் பெட்டியை வைத்தார். ஒரு மூலையில் கறுப்புப் பூச்சுத் தேய்ந்து பித்தளை தெரிந்தது. தோல்வார் அறுந்துபோனதால், மருதமுனைத் துணியில் நீலக் கோடு போட்ட பட்டி தைத்துக் கட்டியிருந்தது. நான் கண்ணாடியில் கீறல் இருக்கிறதா என்று பார்ப்பதுபோல் நடித்தேன்.

"நல்ல கை பட்ட சாமான் தம்பி" என்றார் அவர்.

சாரத்துக்கு, மீனுக்கு, முட்டைக்குக்கூட விலை பேசுகிறவன் நான். அன்று பேசவில்லை. அந்த நல்ல கையில் இருந்தது எதுவோ அது பெட்டியோடு எனக்கு வந்துவிடும் என்று நம்பினேன். பஸ் பாலமுனையைத் தாண்டுவதற்குள் நீலக் கோட்டுப் பட்டியை அவிழ்த்துச் சட்டைப் பைக்குள் திணித்துவிட்டேன். வீட்டில் என் இடுப்புவாரை வெட்டிக் கட்டினேன். ஆனாலும் உம்மா அந்தப் பித்தளை மூலையைக் கண்டதும், "அடுத்த வீட்டு மீன் ஆணம் சட்டியோட வந்திட்டு" என்றார்.

பழகினேன். அந்தக் கண்ணாடியில் எல்லாம் இடம் வலம் மாறித் தெரியும். முற்றத்துக் கோழி இடப்பக்கம் ஓடினால் கண்ணாடிக்குள் வலப்பக்கம் ஓடும். நான் பெட்டியை வலப்பக்கம் திருப்ப, கோழி அறவே காணாமல் போகும். தங்கச்சி ஜன்னலில் இருந்து பார்த்துவிட்டு, கடைசியில் இரங்கி, "சரி காக்கா, நீங்களே எடுங்க" என்றாள். இரக்கத்தால் கிடைத்தது என்று தெரிந்தும் வாங்கிக்கொண்டேன்.

கலியாண நாளில் மருதமுனையார் விருந்தாளியாக வந்தார். மாப்பிள்ளைக்குத் தெரிந்தவர். புதுக் கெமராவோடு வருவார், அதைப் பற்றிக் குத்தலாக ஏதாவது சொல்லலாம் என்று நான் வசனம் எல்லாம் சேர்த்து வைத்திருந்தேன். வெறுங்கையோடு வந்தார்.

"உங்கட தங்கச்சிட கலியாணம். நீங்க இரிக்க நான் கெமராவத் தூக்கிட்டு வாறது சரியில்ல மச்சான்" என்றார். பிறகு என் வயிற்றில் தொங்கிய பெட்டியைப் பார்த்தார். பித்தளை மூலையை விரலால் ஒருதரம் தொட்டார். பக்கத்தில் நின்றவர்களுக்குக் கேட்காத குரலில், "ஏழாவது படத்துக்குப் பிறகு பிலிம் சுத்துற திருகி வழுக்கும். நம்பித் திருப்பினா படத்துக்கு மேல படம் விழும். பின்னால சிவப்புக் கண்ணாடியில நம்பரப் பார்த்துப் பார்த்துச் சுத்துங்க" என்றார்.

அவர் இதைச் சொல்லாமல் விட்டிருந்தால் அவரை நான் எப்போதோ மன்னித்திருப்பேன்.

மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு மாப்பிள்ளை வந்தார். குரவைச் சத்தம் எழும்பியது. நான் மூடியைத் திறந்து, தலையைக் குனிந்துகொண்டு பெண்கள் அறைக்குள் போனேன். ஒரு முக்காடும் இறங்கவில்லை. நெஞ்சு நிறைந்தது. அப்போது மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் பக்கத்திலிருந்து, "மருதமுனையார் வந்திட்டார், தள்ளி இரிங்க" என்று குசுகுசுப்புக் கேட்டது.

எங்கள் ஆட்களுக்கு என்னைத் தெரியும். அவர்களுக்கு என் முகம் பழக்கமில்லை. நான் குனிந்திருந்தேன், அவர்களும் ஆண்பிள்ளை முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. பெட்டியை மட்டும் கண்டார்கள். தலையை நிமிர்த்தி, நான் அவரில்லை, பெண்ணின் காக்கா என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் முக்காடுகள் இறங்கும், படம் போகும். ஆகவே அவராகவே குனிந்து நின்றேன். பொறாமைக்காரனுக்கு இதைவிடப் பெரிய தண்டனை என்ன இருக்கிறது?

எட்டுப் படம் எடுத்தேன். ஏழு முடிந்ததும் சொன்னபடியே திருகி வழுக்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு சிவப்புக் கண்ணாடியைப் பார்த்துப் பார்த்துச் சுற்றினேன். ஒன்பதாவதுக்குத் தங்கச்சி ஜன்னல் பக்கமாகத் திரும்பியிருந்தாள். நல்ல வெளிச்சம். கண்ணாடிக்குள் அவள் ஓரத்தில் நின்றாள். நடுவுக்குக் கொண்டுவர நகர்ந்தேன். வழக்கம்போல மாறி நகர்ந்து, வெற்றிலை வட்டாவுக்குள் காலை வைத்தேன். பாக்கு நாலு பக்கமும் உருண்டது. யாருடைய கால் என்று தங்கச்சிக்குத் தெரியும். குனிந்திருந்தவள் நிமிர்ந்து, வாய் நிறையச் சிரித்தாள். நான் விசையை அமத்திவிட்டேன்.

இருட்டறையில் மருந்துத் தண்ணீருக்குள் கிடந்த தாளில் அந்தச் சிரிப்பு மெல்ல மெல்ல வந்தது; அதை ஈரத்தோடு தூக்கி மூன்று தரம் பார்த்தேன். அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒரு படம் நான் எடுத்ததில்லை. கலியாணப் பெண் பல்லைக் காட்டிக்கொண்டிருக்கிறாள் என்று உம்மா அதை அலுமாரிக்குள் ஒளித்தார். மாப்பிள்ளைதான் தேடி எடுத்துச் சட்டம் போட்டு விறாந்தையில் தொங்கவிட்டார்.

ஒரு பின்னேரம் மாப்பிள்ளையின் உம்மா வந்திருந்தார். மாப்பிள்ளையைப் பார்க்க மருதமுனையாரும் வந்தார். நானும் இருந்தேன். அந்த மாமி படத்துக்கு முன்னால் நின்று, ஆயிரம் கலியாணம் பார்த்திருக்கிறேன், இப்படிச் சிரிக்கிற பொண்ணைப் படத்தில் பிடித்தவரைக் கண்டதில்லை, இளைய மகளுக்கும் நீங்கள்தான் எடுக்க வேண்டும் என்று மருதமுனையாரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே போனார். நான் காதைக் கூர்மையாக வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தேன்.

"நான் இல்ல மாமி. இவர் எடுத்த படம்" என்று மருதமுனையார் என்னைக் காட்டினார்.

மாமி என்னை ஒரு பார்வை பார்த்தார். கலியாணத்துக்குப் பிறகு என் கடைக்கு வந்து அடையாள அட்டைக்குப் படம் பிடித்துக்கொண்டவர் அவர். பிறகு மருதமுனையாரிடம் திரும்பி, "நிறைகுடம் தளம்பாது எண்டு சும்மாவா சொன்னாங்க. எடுத்தவர் தன்ட வாயால சொல்ல மாட்டார்தானே" என்றார். அவர் இன்னும் இரண்டு தரம் மறுத்தார். மறுக்க மறுக்க மாமியின் கண்ணில் அவர் உயர்ந்துகொண்டே போனார். நான்தான் எடுத்தேன் என்று நான் வாய் திறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

"மகன், அவருக்கு ஒரு தேத்தண்ணி கொண்டாங்களன்" என்றார் மாமி என்னிடம்.

குசினிக்குப் போனேன். ஊற்றினேன். சீனிப் பேணி கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் ஒரு மிடறு குடித்து, கோப்பையைப் பார்த்து, பிறகு அடிவரைக்கும் குடித்து முடித்தார். 

கோப்பையைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்தபோது தங்கச்சி குசினிக்குள் நனையாத சீனிக் கரண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"காக்கா, சீனி போட மறந்திட்டீங்களா?"

"மறக்கல்ல" என்றேன்.

அவள் இன்னொரு கோப்பை ஊற்றி, சீனி இரண்டு கரண்டி போட்டுக் கலக்கி, மாப்பிள்ளையைக் கூப்பிட்டு அவர் கையில் மருதமுனையாருக்குக் கொடுத்தனுப்பினாள்.