பின் இருக்கைச் சத்தம்

யோகலிங்கத்தின் மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏறியிருந்த முதல் பெண் நான்தான். சிரிக்காதீர்கள். அப்போதே எனக்கு வயது ஐம்பதை நெருங்கிவிட்டது, இடுப்பு வலி வேறு, எடையைச் சொல்லமாட்டேன். ஏறியிருக்க வேண்டியவள் அவனுடைய மனைவி சிவகௌரி. அவள் ஏறவேயில்லை.

லண்டன் எட்மண்டனில் எங்கள் வீட்டு மேல் அறையில் வாடகைக்கு இருந்தான். கலியாணம் முடித்த கையோடு, ஆமிக்காரர் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயத்தில், எண்பத்தாறில் யாழ்ப்பாணத்திலிருந்து ஓடி வந்தவன். மனைவியைக் கூப்பிட வருஷக்கணக்காகும் என்று சொல்லிவிட்டார்கள். பெட்ரோல் நிலையத்தில் வேலை. விடியப்புற ஷிப்டுக்குப் பஸ் இல்லையென்று ஒரு பழைய மோட்டார் சைக்கிளை வாங்கினான். ஓடப் பழகுகிறவர்கள் மாட்டுகிற எல் தகடு தொங்கினால் பின்னால் ஆளேற்றக்கூடாது, இந்த நாட்டுச் சட்டம். தனியே ஓடித்திரிகிறவனுக்கு அது போதாதா? இவன் மெனக்கெட்டுச் சோதனைக்குப் போய்ப் பாஸ் பண்ணித் தகட்டைக் கழற்றிவிட்டு வந்தான்.

“என்னடா அவசரம்?” என்று கேட்டேன்.

“அவ வந்தா எங்கையக்கா இருத்துறது?” என்றான், நிலத்தைப் பார்த்துக்கொண்டு. அவளுக்கென்று ஒரு சிவப்பு ஹெல்மெட்டும் வாங்கிக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்திருந்தான்.

தொண்ணூறில் ஊரில் சண்டை மறுபடியும் மூண்டது. அங்கிருந்து வந்த ஒருவரிடம் சிவகௌரி தன் குரலைக் கசெற்றில் பதிந்து கொடுத்துவிட்டிருந்தாள். எங்கள் குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துத்தான் போட்டுக் கேட்டோம். ஊர்ப் புதினமெல்லாம் சொல்லி முடித்துவிட்டு, “எனக்கு அங்கை ஒண்டும் வேண்டாமப்பா. சத்தமில்லாத இடத்திலை கொஞ்ச நேரம் இருந்தாக் காணும். கதவு கிறீச்செண்டாலே ஷெல் வருதெண்டு பங்கருக்கை ஓடுறன். ஆக்கள் சிரிக்கினம்” என்றாள். அவன் கசெற்றை நிறுத்திவிட்டு எழுந்து பின்வளவுக்குப் போய்விட்டான்.

அந்தப் பாழாய்ப்போன மோட்டார் சைக்கிளுக்கோ ஒரு வருத்தம், நோய்தான், இருந்தது. தனியே ஓடினால் வாய் திறக்காது. என் கணவர் ஞானரட்ணம் ஒருநாள் பின்னால் ஏறிக் கடைக்குப் போனபோதுதான் அது தெரியவந்தது. பள்ளத்தில் விழும்போதெல்லாம் பின்பக்கம் கீச்சென்று கூவியதாம். திரும்பி வந்த யோகலிங்கத்தின் முகத்தில் ரத்தமே இல்லை.

“இதைக் கேட்டா அவ நடுறோட்டிலை குதிச்சிடுவா அண்ணை.”

அன்றைக்குப் பிடித்தது சனியன். என்னுடைய தையல் மெஷின் எண்ணெயை வாங்கிக்கொண்டு போய் ஊற்றினான். கொஞ்ச நாள் அடங்கியிருந்தது, ஒரு மழை அடித்ததும் திரும்ப வந்துவிட்டது. பிறகு தடித்த கிறீஸை அப்பினான். தூசி ஒட்டி இன்னும் மோசமாய்க் கத்தியது. நான் நல்லெண்ணெய்ப் போத்தலோடு வந்து நின்றேன். “கும்பிட்டனக்கா, உள்ளை கொண்டு போங்கோ. பிறேக்கிலை ஒரு துளி பட்டாலும் நான் நேரே பரலோகம்தான்” என்றான். எந்த இடத்திலிருந்து சத்தம் வருகிறது என்று தெரிந்தால்தானே எதைப் போடுவதென்று தெரியும்? பின் இருக்கையில் அரிசி மூட்டையைக் கட்டிப் பார்த்தான். சத்தமில்லை. மூட்டை அசையாது, ஆள் அசையும் என்று சொல்லிவிட்டு என்னையே பார்த்தான்.

“என்னை என்ன அரிசி மூட்டையெண்டு நினைச்சியோ?”

“ஏறுமப்பா. அதுக்கேத்த பாரம் உம்மட்டைத்தான் கிடக்கு” என்றார் என் கணவர். அவருக்கு அன்றிரவு சோறு போட்டேனா என்று கேளுங்கள்.

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினேன். நான் எழும்பி எழும்பி இருக்க, அவன் நிலத்தில் படுத்துக் காதை வைத்துக் கேட்டான். தெருவே வேடிக்கை பார்த்தது. ஒருவழியாகக் கண்டுபிடித்தான். குலுக்கத்தைத் தாங்குகிற ஸ்பிரிங்கைப் பின்சில்லுப் பக்கத்தில் பூட்டுகிற இடத்தில் ஒரு றப்பர் வளையம். பாரம் ஏறினால் அது இரும்போடு உரசுகிறது. மோட்டார் சைக்கிள் சாமான் கடைக்காரன் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்தானாம். றப்பருக்கு எண்ணெயும் ஆகாது, சாதாரணக் கிறீஸும் ஆகாது, ஊதிப்போய்ப் பழுதாகிவிடும், அதற்குச் சிலிக்கன் கிறீஸ்தான் போடவேண்டும். யோகலிங்கம் புது றப்பர் வாங்கி, வெள்ளைப் பசை மாதிரி இருந்த அந்தக் கிறீஸை விரலால் தடவித் தடவிப் பூட்டினான்.

திரும்பவும் என்னை ஏற்றினான். தெருமுனையில் வேகத்தடையொன்று இருக்கிறது. அதில் ஏறி இறங்கினோம். ஒரு சத்தம் இல்லை. அந்த இடத்திலேயே சைக்கிளை நிறுத்திவிட்டு, “இனிப் பயப்பிட மாட்டா அக்கா” என்றான். அவன் தோள் குலுங்கியது. நானும் அவனோடு சேர்ந்து அழுதேன், நடுத்தெருவில், சேலையைச் செருகிக்கொண்டு.

தொண்ணூற்றிரண்டில் அனுமதி கிடைத்தது. அவள் கொழும்புக்குப் போய் விமானம் ஏற வேண்டும். தரைப்பாதை மூடிக் கிடந்ததால் சனமெல்லாம் கிளாலிக் கடலை நேவிக்குப் பயந்து இரவில் படகில்தான் கடந்தது. இங்கே இவனுக்குக் கால் நிலத்தில் படவில்லை. “பெட்டியளை அண்ணை காரிலை கொண்டு வரட்டும். அவவை நான் கொண்டு வாறன்” என்று திட்டம் போட்டுக்கொண்டிருந்தான்.

கொழும்பிலிருந்து அவளுடைய சித்தப்பா போன் பண்ணினார். எடுத்தது நான். அவள் ஏறிய படகு கரை சேரவில்லை. பின்னால் வந்த படகில் இருந்தவர்களுக்குச் சூட்டுச் சத்தம் மட்டும் கேட்டதாம்.

யோகலிங்கம் பின்வளவில் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தான். எப்படிச் சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை. துணியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டான்.

“அவவுக்குச் சத்தம் கேட்டிருக்குமோ அக்கா?”

“கேட்டிருக்காது ராசா” என்றேன். எனக்கென்ன தெரியும்? எந்தக் கடவுளிடம் போய்க் கேட்பேன்? சுட்டவர்களெல்லாம் நாசமாய்ப் போகட்டும் என்று மண்ணள்ளித் திட்டினேன்.

அதற்குப் பிறகு அவன் பின் இருக்கையில் ஒருவரையும் ஏற்றவில்லை. கூட வேலை செய்கிறவர்கள் கேட்டால், “பின் சீற் சரியில்லை” என்று சொல்லிவிடுவான். குளிர்காலம் கழிந்ததும், ஒவ்வொரு வருஷமும், அந்த றப்பரைக் கழற்றித் துடைத்துச் சிலிக்கன் கிறீஸ் பூசுவான். தனியே ஓடுகிற சைக்கிளுக்கு அது எதற்கு? “விசரா, வேறையொரு கலியாணத்தைக் கட்டு” என்று கத்துவேன். மேலே போய்விடுவான். பிறகு குசினியில் இருந்து அழுவது நான்தான்.

தொண்ணூற்றெட்டில் அவனுக்கு முதுகு நோவு வந்து, சைக்கிள் ஓடக்கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். ஸ்ட்ரெதமில் இருந்து சூசைதாசன் என்றொரு பொடியன் வாங்க வருவதாகச் சொன்னான். அவன் வருவதற்கு முதல்நாள் பார்க்கிறேன், யோகலிங்கம் நோவோடு குனிந்து றப்பரைக் கழற்றுகிறான்.

“விக்கிற சாமானுக்கு என்னத்துக்கடா இந்தப் பாடு?”

“அவருக்கு இப்பத்தான் கலியாணம் முடிஞ்சதாம் அக்கா. பின்னாலை ஒரு பொம்பிளைப் பிள்ளை இருக்கப்போகுது” என்றான்.

பொடியன் மனைவி கத்தரினோடு வந்தான். சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, “ரெண்டு பேர் ஏறினாச் சத்தம் போடுமோ அண்ணை?” என்று கேட்டான்.

“போடாது தம்பி.”

அந்தப் பெண்ணிடம் ஹெல்மெட் இல்லை. யோகலிங்கம் படியேறி மேலே போனான். சிவப்பு ஹெல்மெட்டைக் கொண்டுவந்து கொடுத்தான். “புதுசுதான் பிள்ளை. ஒருத்தரும் போடேல்லை” என்றான். பிடுங்கித் திருப்பி வாங்கிவிடலாமா என்றுகூட எனக்கு இருந்தது.

அவள் ஏறிப் புருஷனின் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். போனார்கள். தெருமுனைத் தடையில் ஏறி இறங்கும்போது யோகலிங்கம் கழுத்தைச் சாய்த்துக் காது கொடுத்து நின்றான்.

“கேட்டியளோ அக்கா? ஒரு சத்தமும் இல்லை.”

“இல்லையடா தம்பி.”

சைக்கிள் மறைந்த பிறகும் கேற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றான்.

“கௌரி பயந்திருக்க மாட்டா” என்றான்.